ஹூட் வண்டியும் உப்புக் காற்றும்

சென்ற மாதம் ஒரு நாள், இஷாத் தொழுகைக்குப் பின் கடைக் கணக்கை முடித்துக்கொண்டு எழும்பும் நேரத்தில் கனடாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த என் பழைய நண்பர். டொரன்டோவில் குடியேறி முப்பது வருடங்கள் கடந்துவிட்டன. சுகம் விசாரித்து முடிந்ததும் விடயத்துக்கு வந்தார்.

"காக்கா, என்ர மகன் ஒரு சின்னக் கார் வாங்கப் போறானாம். மேல் ஹூட்டை மடிச்சு விடுற சாதி. வேலைக்குப் போக வர அந்த ஒரு கார்தான். இஞ்ச நாலு மாசம் பனி கொட்டும். சொன்னாக் கேக்கிறானில்லை. நீங்கள் எத்தினை வாகனம் வாங்கி வித்தனீங்கள், ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. பனிக்கட்டியை ஐஸ் பெட்டியில் மாத்திரம் கண்ட மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. அதே வாரம் என் சகோதரியின் மகனும் ஒரு கேள்வியோடு வந்திருந்தார். படங்கு போட்ட சிறிய லொறி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அதை எடுத்து அச்சுவேலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறைப் பக்கம் கடைகளுக்குச் சாமான் போட்டால் என்ன என்பது அவருடைய கேள்வி. "மூடின வான் எண்டா விலை கூட மாமா" என்றார். இரவு படுக்கையில் யோசித்தபோது இரண்டும் ஒரே கேள்வி என்று பட்டது. மேலே துணி, கீழே உப்பு, வருடத்தில் சில மாதங்கள் கெட்ட காலம், கையில் ஒரேயொரு வண்டி. வாகனத்தில் முதலைப் போட இருக்கும் நம் சகோதரர்கள் வேறு பலருக்கும் இது உதவும் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

முதலில் தொண்டைமானாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடாநாட்டின் வடகரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே, நீரேரி கடலோடு சேரும் இடம் அது. செல்வச் சந்நிதி முருகன் கோயில் அந்தக் கரையில்தான் இருக்கிறது. சோழர் காலத்துக் கருணாகரத் தொண்டைமான் கரணவாய்ப் பக்கத்து உப்பை ஏற்றிச் செல்ல இந்த நீர்வழியை வெட்டி ஆழமாக்கினான், அதனால் இந்தப் பெயர் வந்தது என்பது ஊர் வழக்கு. ஆக, உப்பு வியாபாரத்துக்காகவே பெயர் பெற்ற ஊர். கடல் நீர் உள்ளே ஏறாமலிருக்க அங்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். மாரியில் வாடைக் காற்று கடலிலிருந்து நேரே வீசும். கோடையில் நீரேரியின் ஓரங்கள் வற்றி வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்தத் தூளைச் சோழகக் காற்று வாரிக்கொண்டு போகும். வல்லை வெளியில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்தக் காற்றின் பலம் தெரியும்.

என் நண்பரின் தகப்பனாரிடம் ஹூட் வைத்த மொறிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. மொறிஸ் மைனர் 1948ல் இங்கிலாந்தில் வெளிவந்தபோதே மூடிய கார், ஹூட் மடிக்கும் கார் என்று இரண்டு விதமாக வந்தது. ஹூட் காரைச் செய்வதை 1969ல் நிறுத்திவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடியவை பெரும்பாலும் மூடிய ஒஸ்ரின்கள்தான். ஏ-40, கேம்பிரிட்ஜ் என்று. ஹூட் கார் அபூர்வம். சந்நிதித் திருவிழாக் காலத்தில் என் வாப்பா அங்கே பிளாஸ்டிக் சாமான் கடை போடுவார். சிறுவனான நானும் போவேன். அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரியவருக்குச் சில பழக்கங்கள் இருந்தன. காரை வீட்டு முற்றத்தில் விடமாட்டார். காற்றோட்டமான ஓலைக் கொட்டில் ஒன்றில்தான் நிற்கும். வீட்டுக் கிணறு உவர் என்பதால் அந்தத் தண்ணீர் காரில் ஒரு துளியும் படக்கூடாது. வாரம் ஒருமுறை அச்சுவேலிப் பக்கம் கொண்டுபோய்த் தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் கழுவுவார். அதிலும் மேலே ஊற்றுவதைவிடக் குனிந்து கீழே அடிப்பதுதான் அதிகம். ஹூட் நனைந்திருந்தால் காயும்வரை மடிக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐப்பசி பிறந்தால் கார் கொட்டிலை விட்டு வெளியே வராது. அவசர ஓட்டத்துக்கு அயலவரின் ஒஸ்ரின் இருந்தது. இதெல்லாம் ஒரு கஞ்சரின் வேலை என்று நாங்கள் பொடியன்மார் சிரித்திருக்கிறோம். அந்தக் கார் அத்தனை வருடம் நின்றதற்கு அந்தக் கடைசிப் பழக்கமே பெரிய காரணம் என்று விளங்க எனக்கு ஐம்பது வயதானது.

1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டோம். புத்தளத்தில் இருபது வருடம். அந்த இடைக்காலத்தில் எரிபொருள் தடையால் ஊரிலிருந்த பழைய கார்களைச் சிறிது பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது முடிந்தது. பெரியவரின் கார் அந்தக் காலத்தில் என்னவானது என்று நண்பருக்கே தெரியாது.

திரும்பி வந்து ஹாட்வெயார் கடையை மறுபடி ஆரம்பித்தபின், 2012ல் நான் ஒன்றரைத் தொன் ஏற்றும் பழைய லொறி ஒன்றை வாங்கினேன். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் படங்கு. மூடிய பெட்டி வைத்த லொறியும் அதே நாளில் விலைக்கு வந்தது. விலை வித்தியாசத்தைப் பார்த்துப் படங்கு லொறியை எடுத்தேன். இரண்டு பக்கமும் ஏற்றலாம், நீளக் குழாய் போடலாம், வெயிலில் படங்கைக் கழற்றிவிட்டால் எடை குறையும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். வாங்கியது ஆடி மாதம். வானத்தில் ஒரு முகில் இல்லை. வாகனம் பார்க்கப் போகும் நாள் எப்போதும் நல்ல வெயில் நாளாகவே அமைந்துவிடுகிறது, கவனித்திருப்பீர்கள்.

அந்த வருடம் மார்கழியில் 25 மூடை சீமெந்து ஏற்றிக்கொண்டு வல்லை வெளியால் போனோம். காற்று படங்கின் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டது. கயிறு அறவில்லை, படங்கின் கண் கிழிந்தது. பத்து நிமிட மழைதான். கடையில் இறக்கும்போது மேற்பக்கம் ஈரமாக இருந்தது, துடைத்துக் கொடுத்துவிட்டோம். மறுநாள் 18 மூடை திரும்பி வந்தது. கல்லாகியிருந்தது. வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மூன்று மாதம் வேறிடத்தில் வாங்கினார். சீமெந்தின் நட்டத்தை அன்றே எழுதிவிட்டேன். அந்த மூன்று மாதத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இதைவிடப் பெரிய அடி இரண்டு வருடம் கழித்து வந்தது. மூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த பையனின் கால் லொறியின் தட்டுக்குள் இறங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், சிராய்ப்போடு போயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ற் பளபளவென்று இருந்தது. தட்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விடயம் தெரிந்தது. படங்கில் விழுந்த மழைநீர் குழாய்க் கால்கள் வழியே இறங்கி, அவற்றைப் பூட்டிய ஓட்டைகளுக்குள் போயிருக்கிறது. அதற்குக் கீழே தண்ணீர் வெளியேற வைத்த சிறு துவாரங்கள் சீமெந்துத் தூளால் அடைபட்டிருந்தன. மாரி முழுவதும் தண்ணீர் அங்கேயே நின்று, தட்டையும் குறுக்குச் சட்டத்தையும் கறள் தின்றிருக்கிறது. பிழை விற்றவருடையதும் அல்ல, வண்டியுடையதும் அல்ல. துவாரத்தை ஒருநாளும் நான் குனிந்து பார்க்கவில்லை. இரண்டு படங்கு, தட்டுக்கு வெல்டிங், கெட்ட சீமெந்து, கராஜில் நின்ற 19 நாள் எல்லாவற்றையும் கூட்டினேன். ஆரம்பத்தில் மிச்சம் பிடித்த பணத்தை அது தாண்டிவிட்டது.

இங்கே கறள் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் கறள் பிடிக்கும். அந்த ஈரத்தில் உப்புக் கரைந்திருந்தால் அதனூடாக மின்னோட்டம் இலகுவாகப் போகும், கறள் பல மடங்கு விரைவாகும். கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மழையே இல்லாத மாதத்திலும் கரையோரத்தில் நிற்கும் வண்டியின் அடிப்பாகம் காலையில் பிசுபிசுக்கிறது. மழை பெய்தால்தான் கறள் என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதில்தான். அந்த உப்பைக் கழுவப் போய் உவர்க் கிணற்றுத் தண்ணீரை அடித்தால் பழைய உப்பு போய்ப் புது உப்பு வந்து உட்காரும்.

மறுநாள் நண்பருக்கு நானே அழைப்பு எடுத்தேன். மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அவர் பார்த்து வைத்திருந்தது மஸ்டா எம்.எக்ஸ்-5. அந்த நாட்டில் மியாட்டா என்பார்கள். 1989ல் அறிமுகமானது, இரண்டு இருக்கை, எடை ஒரு தொன் அளவில். இயந்திரத்தின் இழுவை பின் சக்கரங்களுக்குப் போகிறது. ஓட்டுவதற்கு மிக இன்பமான கார் என்று உலகம் ஒத்துக்கொண்ட வண்டி, அதில் வாதமில்லை.

அந்தப் பிள்ளை விடயம் தெரிந்தவர். "அங்கிள், எத்தினையோ பேர் இதைப் பனியிலயும் ஓடுகினம்" என்றார். உண்மைதான். நானும் அதை மறுக்கவில்லை. 7 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் இறப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். பனிக்கால டயருக்கு வேறு கலவை, வேறு வெட்டு. கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்காலத்தில் அந்த டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும் என்று 2016ல் விதி வந்தது. நாலு சக்கரத்துக்கும் அந்த டயரைப் போட்டால் பின்சக்கர இழுவைக் காரும் பனியில் ஒழுங்காகவே போகும். இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆனால் டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காரின் வயிறு நிலத்திலிருந்து ஐந்து அங்குலம் அளவில்தான் இருக்கிறது. வீதியை வழிக்கும் வண்டி வருமுன் காலையில் புறப்படுகிறவருக்கு அதுதான் கணக்கு. புரெவி புயல் வந்த 2020 மார்கழியில் நம் ஓட்டோக்கள் வெள்ளத்துக்குள் பட்ட பாட்டை நான் அவருக்குச் சொன்னேன்.

அடுத்தது ஹூட். குளிரில் துணியும் வைனிலும் விறைத்துவிடும். அந்த நிலையில் மடித்தால் வெடிக்கும். முதலாவது மாதிரியில் பின் கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. 1998ல் வந்த இரண்டாவது மாதிரியிலிருந்துதான் உண்மைக் கண்ணாடி. 2006லிருந்து மடியும் கடினக் கூரை வைத்தும் விற்றார்கள். மேலே விழுந்த பனியை மென்மையான தூரிகையால்தான் தள்ள வேண்டும், சுரண்டக் கூடாது.

நான் அவரிடம் விசேடமாகக் கேட்டது வேறொன்று. இருக்கைக்குப் பின்னால், ஹூட்டின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்கள் இருக்கின்றன. அவை இலையாலும் தூசியாலும் அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள சட்டத்துக்குள் போய் நிற்கும், பழைய மியாட்டாக்கள் அழுகத் தொடங்குவது அங்கேதான். "அதைப் பார்த்தீரா தம்பி?" என்றேன். பார்க்கவில்லை என்றார். என் லொறியின் தட்டுக்கும் அந்தக் காருக்கும் ஒரே வியாதி.

அந்நாட்டு வீதிகளில் பனி உருக உப்புக் கொட்டுகிறார்கள் என்பதை நாமெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம். நம் கடற்கரை உப்பு காற்றில் வருகிறது. அங்கே சக்கரம் தெறித்து அடிவயிற்றில் நேரே பூசிவிடுகிறது. கடுங்குளிரில் எல்லாம் உறைந்து கிடக்கும்போது கறள் மெதுவாகவே நடக்கும். பனி உருகி எல்லாம் ஈரமாகும் நாட்களில்தான் வேகம் பிடிக்கும். உப்புப் படிந்த காரை வெதுவெதுப்பான கராஜுக்குள் கழுவாமல் விடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அது நேர்மாறு.

இவ்வளவையும் பேசிய பின் நண்பரிடம் மூன்று விடயம் கேட்டேன். கார் இரவில் எங்கே நிற்கும்? தொடர்மாடிக்கு வெளியே, திறந்த வெளியில். எத்தனை காருக்கு இடம்? ஒன்றுக்குத்தான். பனி கொட்டும் நாளில் வேலைக்குப் போகாமல் விடலாமா? முடியாது, வைத்தியசாலை வேலை.

"அப்ப உங்கட அப்பான்ர கொட்டிலும் இல்லை, பக்கத்து வீட்டு ஒஸ்ரினும் இல்லை" என்றேன். மறுபக்கத்தில் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு நண்பர் சிரித்தார்.

என் அபிப்பிராயத்தை அப்படியே சொன்னேன். ஒரே வண்டியாக, திறந்த வெளியில் நின்று, தினமும் ஓடுவதற்கு அந்தக் கார் வேண்டாம். ஹூட் கட்டாயம் வேண்டுமென்றால் முன்சக்கர இழுவையுள்ள நாலு இருக்கைச் சிறு கார்களிலும் ஹூட் வைத்தவை வருகின்றன, அவற்றைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இப்போது மூடிய கார் ஒன்றை எடுத்துவிட்டு, சொந்த வீடும் கராஜும் வந்த பிறகு கோடைக்கென்று மியாட்டாவை வாங்கட்டும். நிறுத்தி வைக்கும் மாதங்களுக்குக் காப்புறுதியைக் குறைத்துக்கொள்ளவும் அங்கே வழியிருக்கிறது. மகன் இன்னும் முடிவைச் சொல்லவில்லை. இளமை அல்லவா, அவருடைய பணம், அவருடைய விருப்பம்.

என் மருமகனின் விடயத்தில் இந்தச் சுதந்திரம் இல்லை. அது வியாபார முதல். அதனால் ஒரு கொப்பியைக் கொடுத்து, வாகன விலையை விட்டுவிட்டு நாட்களை எழுதச் சொன்னேன். குடாநாட்டின் மழையில் பெரும் பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் சாமான் போட முடியாமல் போகும், எந்தச் சாமான் நனையக் கூடாது, எது நனைந்தாலும் பரவாயில்லை? மா, சீனி, சீமெந்து ஒரு பக்கம். பிளாஸ்டிக் வாளி, அலுமினியச் சட்டி, குழாய் மறு பக்கம். பிளாஸ்டிக் சாமான் மட்டும் போடுகிறவருக்குப் படங்கு லொறி மிக நல்ல வண்டி, நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கொண்டு வந்த பட்டியலில் பாதிக்கு மேல் மாவும் பிஸ்கட்டும் இருந்தன. தவணையையும் எழுதச் சொன்னேன். வட்டியில்லாத முறாபஹாவில் எடுத்தாலும், வண்டி ஓடாத நாளுக்கும் தவணை உண்டு.

இன்னொரு விடயமும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியதால், கழித்துவிட வேண்டிய வண்டிகளும் பட்டி பூசிப் பெயின்ற் அடித்துச் சந்தைக்கு வந்தன. ஆகவே பெயின்றைப் பார்த்து மயங்க வேண்டாம். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் கொண்டு போங்கள். பட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாது. படங்குக் குழாய் பூட்டிய இடம், தட்டின் அடி, சில்லுக்கு மேலுள்ள வளைவு இவற்றை டோர்ச் அடித்துப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று கேட்கும், அழுகியது மந்தமாகக் கேட்கும். விற்பவர் தட்ட விடாவிட்டால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடலாம். காப்புறுதி எடுக்கும்போது வெள்ளமும் புயலும் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி முன்பு எந்த ஊரில் ஓடியது, இரவில் எங்கே நின்றது என்றும் விசாரியுங்கள். கோப்பாய், நீர்வேலிப் பக்கம் நின்ற வண்டிக்கும் கடற்கரையில் நின்ற வண்டிக்கும் பத்து வருட வித்தியாசம் இருக்கலாம்.

மருமகன் இரண்டு நாள் கழித்துக் கொப்பியோடு வந்தார். படங்கு லொறியை விட்டுவிட்டு, அதே விலைக்குக் கொஞ்சம் பழைய, மூடிய பெட்டி வைத்த ஒன்று சுன்னாகத்தில் இருப்பதாகச் சொன்னார். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பார்க்கப் போகிறோம். காந்தமும் டோர்ச்சும் எடுத்து வைத்தாயிற்று. மழை பெய்தால் இன்னும் நல்லது, கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிடலாம்.